வீட்டுக்குப் பக்கத்துக் கெம்பஸ்: ஊர்ப்பிள்ளைக்குத்தான் கூடுதல் வேலை

பல்கலைக்கழகத் தெரிவு முடிவு வந்த அன்று கல்முனை வீடுகளில் பாடநெறி எதுவென்று கேட்பதற்கு முன்பே "எந்தக் கெம்பஸ்?" என்று கேட்டுவிடுவார்கள். "ஒலுவில்", அதாவது பக்கத்துத் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், என்றால் உம்மாவுக்கு நிம்மதி. காலையில் போய் மாலையில் வரலாம், வீட்டுச் சோறு, போடிங் காசு மிச்சம். வாப்பாவும் கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையாட்டுவார். பிள்ளைக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு குறை இருக்கும். பேராதனை, மொறட்டுவை என்று கிடைத்திருந்தால் நாலு ஊர்ச் சனத்தோடு பழகியிருக்கலாமே என்று.

அந்தக் குறையில் பாதிதான் நியாயம். நாலு ஊர்ச் சனமும் இப்போது ஒலுவிலுக்கே வந்து படிக்கிறார்கள். அவர்களோடு ஒரே விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டு, மாலை நாலரை பஸ்ஸில் ஏறி, பழகாமலே நாலு வருடத்தையும் முடித்துவிட முடியும் என்பது மீதிப் பாதி. பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். பிறகு கொழும்பில் ஒரு நேர்முகப் பரீட்சைக்குப் போய் உட்காரும்போதுதான் என்ன தவறவிட்டோம் என்று தெரிய வருகிறது.

இந்தக் கட்டுரை முதலில் அவர்களுக்கு. வெளியூர்ப் பல்கலைக்கழகங்களுக்குப் போகும் கரையோரப் பிள்ளைகளுக்கும் சில விஷயங்கள் உண்டு.

கெம்பஸ் மாறிவிட்டது

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எதற்காக வந்தது என்பது இன்றைய முதலாம் வருட மாணவர் பலருக்குத் தெரியாது. போர் உச்சத்தில் இருந்த காலம். 1990 ஒகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலை. அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றம். யாழ்ப்பாணத்திலோ, கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலையிலோ போய்ப் படிப்பது இந்தக் கரையோரத்து முஸ்லிம் பிள்ளைகளுக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற காரியமாகிப் போனது. அப்போது அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியில் 1995 ஒக்டோபர் 23 அன்று அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 மே 15 அன்று முழுப் பல்கலைக்கழகமானது. பிறகுதான் ஒலுவிலில் கடலோரமாக இன்றைய வளாகம் எழுந்தது. சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது.

ஆக, ஒரு சமூகத்தின் பிள்ளைகள் அச்சமின்றிப் படிக்கவென்று கட்டிய இடம் இது. ஆனால் அனுமதி நாடு முழுவதற்கும் பொது. விஞ்ஞானம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. அம்பாறையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. வெட்டுப்புள்ளியும் விருப்பத் தெரிவும் சேர்ந்து குருநாகலிலிருந்தும் மாத்தறையிலிருந்தும் அனுராதபுரத்திலிருந்தும் பிள்ளைகளை ஒலுவிலுக்குக் கொண்டுவருகின்றன. பொறியியல், தொழில்நுட்பம், பிரயோக விஞ்ஞானம், முகாமைத்துவம் ஆகிய பீடங்களில் இது கண்கூடு. கலை கலாசார பீடமும் இஸ்லாமிய கற்கைகள், அரபு மொழிப் பீடமும் பெரும்பாலும் தமிழ் பேசும் பிள்ளைகளால் நிறைந்திருக்கின்றன.

தம் ஊரில் தாமே பெரும்பான்மையாக வளர்ந்த ஒரு சிங்களப் பிள்ளை, வாழ்க்கையில் முதன்முறையாகச் சிறுபான்மையாக இருந்து பார்க்கிற இடங்களில் ஒலுவில் ஒன்று. அவனுக்கு அது பெரிய படிப்பு. முதல் மாதத்திலேயே பார்மசியில் தமிழில் விலை கேட்கப் பழகுகிறான், ஜும்ஆ நேரத்தில் கடைகள் சாத்தியிருக்கும் என்று அறிகிறான், பாங்கு சொல்லும் நேரங்களை வைத்துப் பொழுது கணக்குப் பண்ணவும் தொடங்கிவிடுகிறான். சாய்ந்தமருதிலிருந்து போய்வரும் நம் பிள்ளைக்கு இப்படி எதுவும் நேர்வதில்லை. எல்லாம் அவனுக்குப் பழகினபடியே இருக்கிறது. வந்தவன் கற்கிறான், வீட்டுக்காரன் அப்படியே இருக்கிறான். கண்டியிலோ காலியிலோ படிக்கப் போகும் முஸ்லிம் பிள்ளை இயல்பாகவே பெறுவதை, ஒலுவிலில் படிக்கும் ஊர்ப்பிள்ளை முயன்றுதான் பெற வேண்டும். கூடுதல் வேலை என்று தலைப்பில் சொன்னது இதைத்தான்.

நோன்பு மாதத்துப் பகல்

எங்கே தொடங்குவது என்று கேட்டால் நோன்பு மாதத்தில் தொடங்கலாம் என்பேன்.

ரமழானில் கரையோர ஊர்களின் சாப்பாட்டுக் கடைகள் பகலில் பூட்டிக் கிடக்கும். நமக்கு அது சாதாரணம். குருநாகல் பிள்ளைக்கோ, பத்து மணி விரிவுரை முடிந்து பன்னிரண்டரைக்குப் பசிக்கும்போதுதான் விஷயமே தெரியவரும். கன்டீனில் என்ன கிடைக்கும், எத்தனை மணி வரை கிடைக்கும் என்று முதல் வாரத்தில் அவனுக்கு யாரும் சொல்வதில்லை. அவன் கேட்கவும் தயங்குவான். நோன்பு பிடித்திருப்பவர்கள் முன்னால் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று. நமக்கும் அவனிடம் போய், "நீ தாராளமாகச் சாப்பிடு, எங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லத் தோன்றுவதில்லை. இரு பக்கமும் மரியாதை காட்டிக்கொண்டே ஒருவர் பட்டினி கிடக்கிறார்.

இதற்குச் செய்ய வேண்டியது சின்ன வேலை. நோன்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, பகலில் சமைத்த சாப்பாடு எங்கே எடுக்கலாம், அக்கரைப்பற்றில் எந்தப் பக்கம் போக வேண்டும், பரீட்சை நாளில் என்ன செய்வது என்று வகுப்புக் குழுவில் ஒரு செய்தி போடுங்கள். குழு வேலைக்கான கூட்டங்களை அஸருக்குப் பிறகு வைக்காமல் காலைக்கு மாற்றச் சொல்லுங்கள். நோன்பு பிடித்த பிள்ளைக்கும் காலையில்தான் தலை தெளிவாக இருக்கும். பிறகு ஒரு நாள் நோன்பு திறக்க வீட்டுக்குக் கூப்பிடுங்கள். நாலைந்து பேர் போதும், கூட்டமாக வேண்டாம். கஞ்சிக் கோப்பையும் ஈத்தம் பழமும் கையில் கிடைத்ததும் அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல உங்களுக்கே கொஞ்சம் படிக்க வேண்டிவரும். "தண்ணியும் குடிக்கக் கூடாதா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வெசாக் காலத்தில் அவர்கள் தன்சல் போட்டால் பரிமாறுகிற பக்கத்தில் நில்லுங்கள். போயா நாளில் தீகவாபிக்குப் போகிறவர்களோடு ஒருமுறை போய்வாருங்கள். ஒலுவிலுக்கு மேற்கே, நம் வயல்காணிகளைத் தாண்டி இருக்கிற பௌத்தத் தலம் அது. நம்மில் பலர் ஒருநாளும் போனதில்லை. சமய ரீதியாக உங்களால் கலந்துகொள்ள முடியாதது எது என்று உங்களுக்குத் தெரியும். அதை நேரே, சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு மற்றதில் கலந்துகொள்ளலாம். எல்லை எங்கே என்று தெளிவாகச் சொல்கிறவனைச் சகபாடிகள் மதிக்கிறார்கள். காரணம் சொல்லாமல் ஒதுங்கிப் போகிறவனைப் பற்றித்தான் பின்னால் பேச்சு வரும்.

குழு வேலை: உத்தியோகத்துக்கு ஒத்திகை

முதலாம் வருடத்தில் ஆய்வுகூடக் குழு பிரிக்கச் சொன்னவுடன் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நிந்தவூர்ப் பிள்ளைகள் ஒரு பக்கம், மட்டக்களப்புப் பிள்ளைகள் ஒரு பக்கம், தெற்கிலிருந்து வந்தவர்கள் இன்னொரு பக்கம். இரண்டே நிமிடத்தில் இலங்கையின் வரைபடம் மண்டபத்தில் தயாராகிவிடும். தெரிந்தவர்களோடு வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான். ஆனால் வேலைக்குப் போன முதல் நாளிலேயே உங்களுக்குத் தெரியாத, உங்கள் மொழி பேசாத ஒருவரோடு சேர்த்துத்தான் உட்கார வைப்பார்கள். அதைப் புள்ளி மட்டும் குறைகிற இடத்தில் பழகுவது நல்லதா, சம்பளம் குறைகிற இடத்தில் பழகுவது நல்லதா?

ஒரு குழுவை நீங்களே கலந்து அமையுங்கள். அமைத்தபின் பார்க்க வேண்டிய சில விஷயங்கள்:

கூட்டக் குறிப்பு. இதை யாரும் விரும்பிச் செய்வதில்லை, நீங்கள் செய்யுங்கள். யார் எதை எப்போது முடிப்பது என்று எளிய ஆங்கிலத்தில் ஐந்தாறு வரி, அன்றிரவே அனுப்பிவிடுங்கள். இரண்டு மொழிக்காரர் கூடிய இடத்தில் முக்கால்வாசிப் பிணக்குகள் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்பதில்தான் தொடங்கும். எழுத்தில் இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பக்கப் பேச்சு. ஐந்து பேர் இருக்கும் மேசையில் மூன்று பேர் தமிழில் பேசத் தொடங்கினால் மற்ற இரண்டு பேரும் போனைப் பார்க்கத் தொடங்குவார்கள். தமிழில் விளக்கினால்தான் ஒருவருக்கு விளங்கும் என்றால் விளக்குங்கள்; முடிந்ததும் என்ன பேசினோம் என்று மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். எதிர்ப்பக்கம் சிங்களத்தில் இதையே செய்தால் முகம் சுளிக்காமல், "எங்களுக்கும் சொல்லுங்க மச்சாங்" என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படுகிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் அதிகம்.

வாட்ஸ்அப். பெரும்பாலான வகுப்புகளில் ஒரு பொதுக் குழுவும், அதற்குப் பக்கத்தில் மொழிக்கொரு தனிக் குழுவும் இருக்கும். நோட்ஸும் பழைய வினாத்தாளும் தனிக் குழுவில் ஓடும், பொதுக் குழுவில் விடுமுறை அறிவித்தல் மட்டும் வரும். உங்களிடம் வருகிற நல்ல நோட்ஸைப் பொதுக் குழுவிலும் போடுகிற ஒரே ஆளாக நீங்கள் இருந்து பாருங்கள். சில வாரங்களில் மறுபக்கத்திலிருந்தும் வரத் தொடங்கும்.

சிங்களம்: முதலாம் வருடத்திலேயே

இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. 1987இல் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியானது. இது நம் உரிமை, விட்டுக்கொடுக்கக் கூடாது. அதே சமயம் அரச உத்தியோகத்துக்குப் போகிற எவருக்கும் மற்ற மொழியில் தேர்ச்சி வேண்டும். 2007 ஜூலை 1 முதல் சேவையில் சேர்கிறவர்கள் ஐந்து ஆண்டுக்குள் இரண்டாம் அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று பொது நிர்வாகச் சுற்றறிக்கை வந்தது. பின்னர் வந்த சுற்றறிக்கைகளும் இதை விடவில்லை. தேர்ச்சி இல்லையென்றால் சம்பள ஏற்றம் சிக்கலில் மாட்டும். முப்பது வயதில், இரண்டு பிள்ளைகளோடு, இரவில் சிங்கள எழுத்துப் பயிற்சி செய்கிற அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் நம் பிரதேச செயலகங்களில் நிறையப் பேர். அவர்களில் பலர் பல்கலைக்கழகத்தில் சிங்களப் பிள்ளைகளோடு நாலு வருடம் இருந்தவர்கள் என்பதுதான் வருத்தம்.

அம்பாறை மாவட்டத்தில் இந்தத் தேவை இன்னும் கூடுதல். மாவட்டச் செயலகம் அம்பாறை நகரில் இருக்கிறது; அங்கே நடைமுறை மொழி சிங்களம். கல்முனையிலிருந்து காணிப் பிரச்சினைக்குப் போகும் விவசாயி கையில் சிங்களக் கடிதத்தோடு திரும்பிவந்து, வாசித்துச் சொல்ல ஆள் தேடுகிற காட்சி இன்னும் மறையவில்லை. அந்த ஆளாக இருக்கத் தெரிந்த பட்டதாரிக்கு ஊரிலும் அலுவலகத்திலும் மதிப்பு உண்டு.

எப்படிப் படிப்பது? உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தமிழ் வேண்டும், உங்களுக்குச் சிங்களம் வேண்டும். மாற்றிக்கொள்ளுங்கள். கிழமைக்கு இரண்டு நாள், கன்டீனில் தேநீர் நேரம், பாதி நேரம் ஒரு மொழி, பாதி நேரம் மற்றது. எழுத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பேச்சு மட்டும் பழகினவர்கள் கடைசிவரை எழுத்துப் பரீட்சையில் தடுமாறுகிறார்கள். பஸ்ஸின் பெயர்ப்பலகை, கடை விளம்பரம், நண்பனின் பேஸ்புக் பதிவு என்று எழுத்துக் கூட்டி வாசிக்கலாம். வாக்கிய அமைப்பு பயப்படுகிற அளவுக்கு வேறில்லை; நம்மைப் போலவே வினையைக் கடைசியில் வைத்துப் பேசுகிற மொழிதான். அரச கரும மொழிகள் திணைக்களம் நடத்தும் தேர்ச்சிப் பரீட்சைகளைப் பற்றிக் கடைசி வருடத்துக்கு முன்பே விசாரித்து வையுங்கள். பிழை விட்டால் சிரிப்பார்கள். அவர்கள் தமிழ் பேசும்போது நாமும் சிரிக்கத்தானே போகிறோம்.

பக்கத்து ஊர்தான் கடினம்

இவ்வளவு நேரம் சிங்களப் பிள்ளைகளைப் பற்றிப் பேசியது சுலபமான பகுதி. குருநாகல் நண்பனோடு எடுத்த செல்பியைப் போட்டால் எல்லோரும் கைதட்டுவார்கள். கல்முனைக்குடி முஸ்லிம் பிள்ளைக்கும் பாண்டிருப்புத் தமிழ்ப் பிள்ளைக்கும் இடையில் உள்ள தூரம்தான் என் பார்வையில் கடக்கக் கஷ்டமானது. ஒரே மொழி, ஒரே பிரதான வீதி, ஒரே கடல். கல்முனை ஸாஹிராக் கல்லூரியில் படித்தவனும் கார்மேல் பற்றிமாக் கல்லூரியில் படித்தவனும் உயர்தர டியூஷனில் பக்கத்து வாங்கில் இருந்திருப்பார்கள். ஆனால் வீட்டுப் படி ஏறியிருக்க மாட்டார்கள். மாளிகைக்காட்டுக்கும் காரைதீவுக்கும் இடையில் நடந்தே போகலாம். போகிறவர்கள் எத்தனை பேர்?

போரின் காயம் இரு பக்கமும் உண்டு, அதை யாரும் மறக்கச் சொல்லவில்லை. நிர்வாகப் பிணக்குகளும் ஓயவில்லை. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் உண்ணாவிரதம் வரை போனது நினைவிருக்கும். நாளை அந்த அலுவலகங்களின் மேசைகளில் உட்காரப்போகிறவர்கள் இன்று ஒலுவிலிலும் வந்தாறுமூலையிலும் படிக்கிற பிள்ளைகள்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் பெயரும் வீடும் தெரிந்திருந்தால் கோப்பு நகர்கிற விதமே வேறு.

இதற்கு முன்மாதிரி தேடி வெளியே போகத் தேவையில்லை. ஏ.எம்.ஏ. அஸீஸ் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைக்காரர்; வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தவர்; 1935இல் இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம். 1942இல் போர்க்கால உணவு நெருக்கடியின்போது கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். அந்த ஆண்டே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரோடு அவருக்கு நெருங்கிய நட்பு இருந்தது. இந்துப் பாடசாலையில் படித்த ஒரு முஸ்லிம் அதிகாரிக்குத் துறவியோடு உட்கார்ந்து தமிழைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் பேசுவதில் என்ன தயக்கம் இருந்திருக்கும்? பின்னாளில் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக அவர் பேர் வாங்கியதை எல்லோரும் அறிவார்கள்.

கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம்.ஏ. நுஃமான் இன்னொரு உதாரணம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். அண்ணாமலையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர். பேராதனையில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். தமிழையும் சிங்களத்தையும் இலக்கண ரீதியில் ஒப்பிட்டு எழுதினார், பாலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஒரே ஊரில், ஒரே வட்டத்தில் இருந்துகொண்டு இப்படியொரு வேலை வாழ்க்கை அமைவது சிரமம்.

யாழ்ப்பாணத்துக்கோ வந்தாறுமூலைக்கோ தெரிவாகிறவர்கள், "அங்கே போவதா" என்று மாற்றம் கேட்டு அலைவதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

பகிடிவதை, சங்கம், வதந்தி

பல்லினச் சூழல் என்றால் எல்லாம் இனிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம். அது இன்னும் நடக்கிறது. சில இடங்களில் மொழிவாரியாகவும் நடக்கிறது. "நம்ம சீனியர்தானே" என்று பொறுத்துப் போவதும், "அவனுகள் செய்தான்" என்று இனச் சாயம் பூசுவதும் இரண்டுமே தப்பு. செய்தவர் யார், எங்கே, எப்போது என்று எழுதி, மாணவர் ஆலோசகரிடம் கொடுங்கள்.

மாணவர் ஒன்றியத் தேர்தல் வந்தால் இனவாரியாக வாக்கு எண்ணுகிற கணக்கு தொடங்கிவிடும். அதில் வெல்வது சுலபம், ஒரு வருடம் வேலை செய்வதுதான் கஷ்டம். விளையாட்டுக் குழுவிலோ, வாசிகசாலைக் குழுவிலோ, துறைச் சங்கத்திலோ இடம் பிடியுங்கள். கணக்கு வழக்குப் பார்க்கும் பொருளாளர் பதவி யாருக்கும் வேண்டாததாக இருக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதற்குத்தான் பெறுமதி.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகான வாரங்கள் நினைவிருக்கிறவர்களுக்கு இன்னொன்று தெரியும். அந்த நாட்களில் முஸ்லிம் பிள்ளைகளுக்குப் போன் எடுத்து, "நீ நலமா?" என்று கேட்ட சிங்கள நண்பர்களும் இருந்தார்கள், குழுவிலிருந்து சத்தமில்லாமல் விலகினவர்களும் இருந்தார்கள். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது முந்தைய இரண்டு மூன்று வருடப் பழக்கத்தில் தங்கியிருந்தது. கெட்ட செய்தி வருகிற நாளில் புதிதாக நட்புச் செய்ய முடியாது. அப்படியொரு நாள் வந்தால் பொதுக் குழுவில் ஒன்றையும் பார்வர்ட் பண்ணாதீர்கள். தெரிந்த நாலு பேருக்கு நேரே போன் எடுங்கள்.

பெண் பிள்ளைகள், பெற்றோர்

ஒலுவில் கிட்ட இருப்பதால்தான் பல வீடுகளில் பெண் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பவே சம்மதித்தார்கள். இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு தலைமுறைப் பட்டதாரிப் பெண்கள் இந்தச் சம்மதத்தில்தான் உருவானார்கள். ஆனால் வீட்டு வாசலில் வானில் ஏறி, வானில் இறங்கி, நாலு வருடத்தில் ஊருக்கு வெளியே ஒரு சினேகிதிகூட இல்லாமல் பட்டத்தோடு வரும் பிள்ளை, பின்னர் அம்பாறை நகரத்திலோ மொனராகலையிலோ நியமனம் கிடைத்தால் திணறிப்போகிறாள். நியமனத்தையே விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

பெற்றோருக்கு ஒரு யோசனை: கடைசி ஆண்டிலாவது பெண்கள் விடுதியில் இருக்கவிடுங்கள். ஒரே அறையில் மாத்தறைப் பிள்ளையும் கிண்ணியாப் பிள்ளையும் இருந்தால், தொழுகை நேரத்தில் மற்றவள் பாட்டுச் சத்தத்தைக் குறைப்பதும், அவளது போயா விரதத்தை நம் பிள்ளை மதிப்பதும் தானாக வரும். சமையல் விஷயத்தில் ஹலால் என்னவென்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு அவர்களே கடையில் கேட்டு வாங்குகிறார்கள். பயமாக இருந்தால் விடுதிக் காப்பாளரைப் போய்ப் பாருங்கள், அறைத்தோழியின் உம்மாவின் போன் நம்பரை வாங்குங்கள். தாய்மார் இருவரும் பேச மொழி இல்லாவிட்டால் பிள்ளைகள் மொழிபெயர்ப்பார்கள்.

நேர்முகப் பரீட்சையில் எப்படிச் சொல்வது

"பல்லின மக்களோடு பணியாற்றக்கூடியவர்" என்று சுயவிவரத்தில் எழுதாத பட்டதாரி இல்லை. அந்த வரியை எடுத்துவிடுங்கள், யாரும் வாசிப்பதில்லை. வங்கியோ, மென்பொருள் நிறுவனமோ, தொண்டு நிறுவனமோ, கேட்பது இப்படித்தான்: "உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரோடு வேலை செய்த அனுபவம் உண்டா?" இதற்குக் கொள்கை பேசக் கூடாது, நடந்ததைச் சொல்ல வேண்டும். உதாரணத்துக்கு:

"மூன்றாம் வருடச் செயற்றிட்டத்தில் நாங்கள் ஐந்து பேர், மூவருக்குச் சிங்களம், இருவருக்குத் தமிழ். முதல் மாதம் வேலை ஓடவில்லை. இரண்டு பேர் ஒரே பகுதியைச் செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் குறிப்பெழுதி அனுப்பும் பொறுப்பை நான் எடுத்தேன். நோன்பு மாதத்தில் கூட்டத்தைக் காலைக்கு மாற்றினோம். ஒப்படைக்கும் நாளுக்கு முன்பே முடித்தோம்."

இதில் பெருமை இல்லை, இனம் பற்றிய பிரசங்கமும் இல்லை. என்ன சிக்கல், நீங்கள் செய்தது என்ன, என்ன நடந்தது என்று மூன்றும் இருக்கின்றன. சிங்களத்தில் ஒரு கேள்வி வந்தால், தெரிந்த அளவில் சிங்களத்தில் தொடங்கி, முடியாத இடத்தில் அனுமதி கேட்டு ஆங்கிலத்துக்கு மாறுங்கள். தொடங்கியதற்கே ஒரு மதிப்பு உண்டு. மொழித் தேர்ச்சிப் பத்திரம் இருந்தால் சுயவிவரத்தின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

சுயவிவரத்தில் எழுத முடியாத இன்னொரு சொத்தும் உண்டு. உங்கள் வகுப்புத் தோழர்கள் பட்டம் பெற்றதும் 25 மாவட்டங்களுக்கும் சிதறிப் போவார்கள். ஒருவர் மாத்தறையில் பொறியியலாளர், ஒருவர் கண்டியில் வங்கி உத்தியோகத்தர், இன்னொருவர் வவுனியாவில் ஆசிரியர். வெற்றிடம் வர்த்தமானியில் வருவதற்கு முன்பே தகவல் இவர்கள் வழியாகத்தான் கசியும். இடமாற்றம் கிடைத்துப் போகும் புதிய ஊரில் வாடகை வீடு பார்த்துத் தருவதும் இவர்களில் ஒருவர்தான். ஊருக்குள்ளேயே நட்பு வைத்திருந்தால் எல்லோருக்கும் ஒரே தகவல்தான் தெரியும், எல்லோரும் ஒரே வேலைக்குத்தான் விண்ணப்பிப்பார்கள்.

கடைசியாக, தொழிற்பயிற்சி. முகாமைத்துவம், பொறியியல், தொழில்நுட்பப் பிள்ளைகளுக்கு மூன்றாம் நான்காம் வருடங்களில் வரும். இடம் தெரிவு செய்யச் சொன்னால் நம் பிள்ளைகள் கல்முனை அல்லது அக்கரைப்பற்றுக் கிளைக்குத்தான் முண்டியடிப்பார்கள். வீட்டிலிருந்து போய்வரலாம், மனேஜரும் தெரிந்தவர், வேலையும் லேசு. அந்தப் பயிற்சிக் காலம் முழுவதும் கொழும்பிலோ குறைந்தபட்சம் அம்பாறை நகரிலோ இருக்க முடியுமா என்று வீட்டில் இப்போதே பேசத் தொடங்குங்கள். தங்குமிடத்துக்குத் தெரிந்தவர் வேண்டும் என்று வாப்பா கேட்பார். கொழும்புப் பக்கத்து வகுப்புத் தோழனிடம் முன்கூட்டியே விசாரித்து, பெயரும் விலாசமும் வாடகையும் எழுதிக்கொண்டு போய் அவர் முன் உட்காருங்கள்.